தரம்பிரிப்பு மேசையில் முதல் ஐந்து நிமிடம்: அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வரும் தாதியருக்கு

விடுதியில் வேலை செய்து பழகியவர்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த முதல் கிழமையில் பெரும்பாலும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள். வருபவருக்கு என்ன வருத்தம் என்று கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள். தரம்பிரிப்பு மேசையில், அதாவது ட்ரியாஜில், அதற்கு நேரமில்லை. இவர் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதை மட்டும் முடிவெடுத்தால் போதும். நெஞ்சு நோ மாரடைப்பாலா, நெஞ்செரிவாலா என்பதை ஈ.சீ.ஜீயும் வைத்தியரும் பார்த்துக்கொள்வார்கள். அந்த ஈ.சீ.ஜீ அவர் வந்து பத்து நிமிடத்துக்குள் எடுபட வேண்டும் என்பதுதான் உங்கள் பொறுப்பு.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாசலில் அதிகம் சத்தம் போடுபவருக்கு மூச்சுவழி திறந்திருக்கிறது, மூளைக்கு இரத்தம் போகிறது. மூலையில் சுவரோடு சாய்ந்து பேசாமல் இருக்கிறாரே ஓர் ஐயா, முதலில் அவரைப் போய்ப் பாருங்கள்.

மேசைக்கு வர முன்னரே

ஓட்டோ வந்து நிற்கும்போதே மதிப்பீடு தொடங்கிவிடும். தானாக இறங்குகிறாரா, இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வருகிறார்களா? முகம் வெளிறிச் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறதா? நெற்றியில் குளிர்ந்த வியர்வை தெரிகிறதா? குனிந்து இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி மூச்சு வாங்குகிறாரா? ஒரு வசனத்தை முழுதாகச் சொல்கிறாரா, இரண்டு சொல்லுக்கு ஒருக்கால் நிறுத்துகிறாரா? இவ்வளவையும் பார்க்கப் பத்துச் செக்கன் போதும்.

மயங்கியவரை மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவில் வைத்து அணைத்துக்கொண்டு வருவதும் உண்டு. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018இல் இலங்கையின் வடக்குக்கு வந்த பிறகும் இது ஓயவில்லை. அப்படி இருத்தி வைத்துக் கொண்டுவரும்போது தலை முன்னால் தொங்கி மூச்சுவழி மடிந்துபோகும். இறக்கியவுடன் ட்ரொலியில் கிடத்தித் தாடையை உயர்த்தினாலே சிலருக்கு நிறம் திரும்பிவிடும். விழுந்தவர் அல்லது விபத்தில் அடிபட்டவர் என்றால் தலையைப் பின்னால் சாய்க்காமல் தாடையை மட்டும் முன்தள்ளுங்கள். கழுத்தை ஒருவர் இரண்டு கையாலும் அசையாமல் பிடித்திருக்க வேண்டும்.

ஏ, பி, சி, டி, ஈ

இந்த ஒழுங்கை எல்லோரும் படித்துத்தான் வருகிறோம். ஒரு படியில் பிரச்சினை கண்டால் அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது என்பதைத்தான் அவசரத்தில் மறந்துவிடுகிறோம். எல்லாவற்றுக்கும் முன்னர், கொட்டும் இரத்தம் இருந்தால் அதைக் கையால் அழுத்தி நிறுத்துங்கள்.

மூச்சுவழி: பேசினால் திறந்திருக்கிறது. குறட்டை மாதிரிச் சத்தம் நாக்கு பின்னால் விழுந்ததால் வரும். கொரகொரவென்றால் சத்தியோ சளியோ இரத்தமோ நிற்கிறது, உறிஞ்சி எடுக்க வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்ற சத்தம் வந்தால் மேல் மூச்சுவழி ஒடுங்கிவிட்டது. அவரைப் படுக்க வைக்காதீர்கள்.

மூச்சு: வீதம், ஆழம், இரண்டு பக்கமும் ஒரேயளவாக எழும்புகிறதா என்று பாருங்கள். முட்டுக்காரருக்கு இழுப்புச் சத்தம் குறைந்ததும் 'சுகமாகுது' என்று ஆறுதல்பட வேண்டாம். காற்றே உள்ளே போகாதபோதும் சத்தம் அடங்கும்.

குருதிச் சுற்றோட்டம்: மணிக்கட்டு நாடி, கை கால் குளிர்மை, மயிர்த்துளைக்குழாய் மீள்நிரம்பல். மார்பு நடுவெலும்பின் மேல் 5 செக்கன் அழுத்திவிட்டு விடுங்கள். 2 செக்கனுக்குள் நிறம் திரும்ப வேண்டும்.

அறிவுநிலை: விழிப்பாக இருக்கிறாரா, குரலுக்கு எழும்புகிறாரா, நோவுக்கு மட்டுமா, ஒன்றுக்கும் இல்லையா? நேற்றுவரை தெளிவாகக் கதைத்த ஆச்சி இன்றைக்குத் தடுமாறிக் கதைத்தால் அதை 'வயசு' என்று தள்ளாதீர்கள். புதிதாக வந்த குழப்பம் அவசரம்தான். அறிவுநிலை மாறிய எவருக்கும் குருதி வெல்லம் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகக்கூடாது.

கடைசியாக உடையை விலக்கிப் பார்ப்பது. முதுகு, அக்குள், தொடை மடிப்பு, கால்விரல் இடுக்கு. மறைப்புத் திரை இழுத்துவிட்டு, பார்த்த பிறகு போர்த்திவிடுங்கள்.

எண்களை எடுக்கும் விதம்

மொனிற்றர் காட்டும் எண்ணை அப்படியே எழுதுவதற்குத் தாதியர் தேவையில்லை. அந்த எண் எப்போது பொய் சொல்லும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

சுவாச வீதத்தை யாரும் எண்ணுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். அட்டைகளைப் புரட்டினால் காய்ச்சல்காரர், முட்டுக்காரர், கால் முறிந்தவர் எல்லோரும் நிமிடத்துக்கு 18 தடவைதான் மூச்சுவிடுகிறார்கள். ஒருவர் சரியத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் அசைவது இந்த எண்தான். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல் நில்லுங்கள். கண் நெஞ்சில் இருக்கட்டும். மூச்சை எண்ணுகிறீர்கள் என்று தெரிந்தால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். 30 செக்கன் எண்ணி இரண்டால் பெருக்கலாம். ஒழுங்கில்லாத மூச்சென்றால் முழு நிமிடம் எண்ண வேண்டும். வளர்ந்தவருக்கு 12 முதல் 20 வரை சரி. 25க்கு மேல் போனவரைக் கதிரையில் இருத்திவிட்டுப் போகக்கூடாது.

ஒட்சிசன் செறிவு பார்க்க விரலில் கியூட்டெக்ஸ் இருந்தால் துடையுங்கள். கலியாணக் காலத்தில் மருதோன்றி போட்ட விரல்களும் வரும். வாசிப்பு சரியாக வராவிட்டால் வேறு விரலோ காதுமடலோ பாருங்கள். கை குளிர்ந்திருந்தால் அலை தட்டையாக ஓடும், அந்த எண்ணை நம்பாதீர்கள். மூடிய அறைக்குள் தீப்புகையைச் சுவாசித்து வந்தவருக்குச் செறிவு 99 காட்டினாலும் ஒட்சிசன் கொடுங்கள். அந்தக் கருவிக்குக் காபனோரொட்சைட்டைப் பிரித்தறியத் தெரியாது. பொதுவாக இலக்கு 94 முதல் 98 வரை. பல வருடம் பீடி, சுருட்டுக் குடித்து நாட்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவருக்கு 88 முதல் 92 போதும்.

குருதி அமுக்கப் பட்டி சிறிதாக இருந்தால் அமுக்கம் கூடிக் காட்டும், பெரிதாக இருந்தால் குறைத்துக் காட்டும். சட்டைக் கைக்கு மேல் சுற்றாதீர்கள். டயலிசிஸ் செய்பவர் என்றால் பிஸ்ரியூலா (டயலிசிஸுக்காக நாடியையும் நாளத்தையும் பொருத்திய இடம்) உள்ள கையில் பட்டியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். அவர் இரண்டு தடவை டயலிசிஸ் தவறவிட்டு 'கால் பெலனில்லை' என்று வந்திருந்தால், பொற்றாசியம் ஏறியிருக்கலாம் என்று எண்ணி உடனே ஈ.சீ.ஜீ எடுங்கள்.

தனி எண்ணைவிட இரண்டு எண்ணின் உறவு அதிகம் சொல்லும். நாடி 110, மேல் அமுக்கம் 100 என்று ஒருவர் வருகிறார். 'பிரஷர் 100 இருக்கு, பரவாயில்லை' என்று தோன்றும். நாடியை மேல் அமுக்கத்தால் வகுத்துப் பாருங்கள்: 1.1. சாதாரணமாக இது 0.5க்கும் 0.7க்கும் இடையில் இருக்கும். 0.9ஐத் தாண்டினால் எங்கேயோ இரத்தமோ நீரோ இழந்துகொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அற்றெனலோல், பைசொப்ரொலோல் போன்ற குளிசை போடுபவருக்கு நாடி ஏறாது. அவர்களுக்கு இந்தக் கணக்கு பலிக்காது. கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

குருதி வெல்லம் பார்க்கும்போது விரல் ஈரமில்லாமல், ஒட்டாமல் இருக்க வேண்டும். மயங்கி விழுந்தவருக்கு வீட்டில் சீனித்தண்ணி பருக்கியிருப்பார்கள், அது கையிலும் வழிந்திருக்கும். அந்த விரலில் குத்தினால் 180 காட்டும், உள்ளே 40தான் இருக்கும். கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். கழுவ வழியில்லையென்றால் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள். 70க்குக் கீழே என்றால் உடன் சிகிச்சை. கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற நீரிழிவுக் குளிசை போடுபவருக்கு வெல்லம் ஏறிய பிறகும் மறுபடி விழும். 'எழும்பிட்டார், கூட்டிக்கொண்டு போறம்' என்று வீட்டார் நிற்பார்கள், விடக்கூடாது.

கேட்கும் விதம்

சாம்பிள் என்ற ஆறு கேள்வி போதும்: என்ன செய்கிறது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, என்ன மருந்து பாவிக்கிறார், முன்னர் என்ன வருத்தம் இருந்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டார், இது எப்படித் தொடங்கியது. முதல் அரை நிமிடம் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

எங்கள் ஆட்களின் சொற்களைப் புத்தகம் சொல்லித்தராது. 'வாய்வு பிடிச்சிருக்கு', 'நெஞ்சுக்கை அடைக்குது', 'காஸ்ட்ரைற்றிஸ் போல கிடக்கு' என்று வியர்வையோடு வருபவருக்கு ஈ.சீ.ஜீ எடுக்கும்வரை அது மாரடைப்புத்தான். நீரிழிவுக்காரருக்கும் வயது போன பெண்களுக்கும் நோவே இல்லாமல் களைப்பு, சத்தி, 'கை உழைவு' மட்டும் வரலாம். 'விறைக்குது' என்பதைச் சிலர் உணர்வில்லை என்பதற்கும், சிலர் பெலனில்லை என்பதற்கும் சொல்வார்கள். கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். 'தலை கிறுதி' என்றால் அறை சுற்றுகிறதா, கண் இருட்டிக்கொண்டு வருகிறதா என்று பிரித்துக் கேளுங்கள்.

பாரிசவாதத்தில் முக்கியமான கேள்வி 'எப்ப கண்டனீங்கள்?' என்பதைவிட 'கடைசியா எப்ப நல்லா இருந்தவர்?' என்பதுதான். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கான 4.5 மணித்தியாலம் அந்த நேரத்திலிருந்துதான் ஓடுகிறது. மணிக்கணக்குச் சொல்லத் தெரியாதவர்களிடம் இப்படிக் கேட்கலாம்: 'அம்மா, காலமை தேத்தண்ணி குடிக்கேக்கை ஐயா வழக்கம்போல கதைச்சவரோ? கப்பைத் தானே பிடிச்சவரோ?' தேத்தண்ணி ஆறு மணிக்கு என்றால் உங்களுக்கு நேரம் கிடைத்துவிட்டது. அதை அட்டையில் எழுதிவிட்டு வைத்தியரை நேரே கூப்பிடுங்கள்.

நச்சுப்பொருள் உட்கொண்டவர், அடிவாங்கிய பெண், கர்ப்பமா என்று கேட்க வேண்டிய பிள்ளை, இவர்களிடம் மாமியும் சித்தப்பாவும் சூழ நிற்கும்போது கேட்டால் உண்மை வராது. ஒருவரை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றவர்களைப் பதிவுக்கு அனுப்புங்கள்.

தரம் கொடுத்தல்

அவுஸ்திரேலியாவில் வளர்ந்த ஐந்து தர முறை பல நாடுகளில் பாவனையில் இருக்கிறது. முதல் தரம் உடன். இரண்டாம் தரம் 10 நிமிடத்துக்குள், மூன்றாம் தரம் 30, நான்காம் தரம் 60, ஐந்தாம் தரம் 120 நிமிடத்துக்குள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்றாகப் பிரிக்கும் முறைகளும் உண்டு. உங்கள் பிரிவுச் சுவரில் எது மாட்டியிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். ஒரே மேசையில் இருவர் இரண்டு முறையைப் பாவிப்பதைவிட மோசமானது வேறில்லை. இரண்டு தரத்துக்கு நடுவில் மனம் தடுமாறினால் மேல் தரத்தைக் கொடுங்கள். 'டொக்டரை எங்களுக்குத் தெரியும்' என்பதற்கு எந்த அட்டவணையிலும் தரம் இல்லை.

இங்கே யாழ்ப்பாணத்தில் கவனிக்க வேண்டியவை

மாரி மழையோடு வரும் காய்ச்சல்: டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் வரும், மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். 'காய்ச்சல் விட்டிட்டுது, ஆனா எழும்பேலாமல் கிடக்கு' என்பது நல்ல செய்தியில்லை. அமுக்கம் 100/84 என்று வந்தால் மேல் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். வித்தியாசம் 16தான். 20 அல்லது அதற்குக் குறைவென்றால் இரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து அதிர்ச்சிநிலை தொடங்கிவிட்டது. விடாத சத்தி, வயிற்று நோ, கை கால் குளிர்மை, சலம் போய் ஆறு மணித்தியாலம், இவற்றில் எது இருந்தாலும் வரிசையில் விடக்கூடாது. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் மர்மக் காய்ச்சல் என்று பேசப்பட்டது கடைசியில் எலிக்காய்ச்சலாக இருந்தது. வயல், வெள்ளத்தில் கால் வைத்தாரா என்று கேளுங்கள். கெண்டைக்கால் நோ, கண் சிவப்பு, சலம் குறைவு மூன்றையும் பாருங்கள்.

பாம்புக்கடி: நாகம், கண்ணாடி விரியன், எட்டடி விரியன், சுருட்டை நான்கும் இங்கே உண்டு. எட்டடி விரியன்தான் ஏமாற்றும். இரவில் நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவரைக் கடித்திருக்கும், வீக்கம் இராது, பல் தடம்கூடத் தெரியாது. விடியப்புறம் வயிற்று நோ என்று வருவார், பிறகு கண் இமை தொங்கும், பிறகு மூச்சுத் தசை ஓயும். காரணம் தெரியாத வயிற்று நோவோடு அதிகாலையில் வந்தவரை 'மேலே பாருங்கோ' என்று சொல்லி இமையைக் கவனியுங்கள். கண்ணாடி விரியன், சுருட்டைக் கடிக்கு 20 நிமிட இரத்த உறைவுச் சோதனை செய்வோம். புதிதான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலீற்றர் நாள இரத்தம் விட்டு 20 நிமிடம் தொடாமல் வையுங்கள், பிறகு ஒரே ஒருக்கால் சரியுங்கள். ஓடினால் உறையவில்லை. பிளாஸ்ரிக் குழாய் அல்லது சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாய் என்றால் நல்ல இரத்தமும் உறையாது, முடிவு பிழைக்கும். இடையில் ஆட்டிப் பார்ப்பதும் அப்படித்தான். இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தால் வாசலிலேயே வெட்டி விடாதீர்கள். நாளத்தில் கனூலா போட்டு, வைத்தியர் பக்கத்தில் நிற்கும்போது தளர்த்துங்கள். வீக்கத்தின் எல்லையைப் பேனையால் கோடு போட்டு நேரம் எழுதுங்கள்.

நச்சுப்பொருள்: தோட்ட மருந்து என்றால் முதலில் உங்களுக்குக் கையுறை, பிறகு அவருடைய உடுப்பைக் கழற்றித் தோலைக் கழுவுதல். கண்மணி ஊசிமுனை மாதிரிச் சுருங்கி, வாயால் நீர் வடிந்து, நெஞ்சு கொரகொரத்தால் முதல் தரம். அலரி என்று சொல்லி வருபவர் நடந்து வருவார், கதைப்பார், சிரிக்கவும் செய்வார். அந்த நஞ்சு இதயத் துடிப்பைத்தான் குழப்பும். எப்படித் தோன்றினாலும் ஈ.சீ.ஜீ, மொனிற்றர், கனூலா மூன்றும் உடனே வேண்டும். பக்கத்தில் ஆள் இல்லாமல் விடக்கூடாது. குத்திக்காட்டும் ஒரு சொல்லும் வரக்கூடாது.

பனையால் விழுந்தவர்: அமுக்கம் குறைந்து, நாடியும் குறைந்து, தோல் சூடாக இருந்தால் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டிருக்கலாம். ஆனால் உள்ளே இரத்தம் போகவில்லை என்று உறுதியாகும்வரை இரத்தப்போக்கென்றே நடத்துங்கள். திருப்பும்போது தலைக்கு ஒருவர், உடம்புக்கு மூவர், தலையில் நிற்பவர் எண்ணும்போதுதான் எல்லோரும் திருப்ப வேண்டும். முதுகைப் பார்க்க இன்னொருவர்.

சங்கு, கடலட்டைக்குச் சுழியோடுபவர் மேலே வந்த பிறகு மூட்டு நோ, கால் விறைப்பு, சலம் போகாமை என்று வந்தால் படுக்க வைத்து, பை உள்ள மாஸ்க்கில் 15 லீற்றர் ஒட்சிசன் கொடுங்கள். எவ்வளவு ஆழம், எத்தனை தரம் இறங்கினார் என்று கேட்டு எழுதுங்கள்.

பிள்ளைகளும் கர்ப்பிணிகளும்

பிள்ளைக்கு அமுக்கம் விழுவது கடைசியில்தான், அதைக் காத்திருக்காதீர்கள். மூச்சை எண்ணுங்கள்: 2 மாதத்துக்குக் கீழே நிமிடத்துக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இவற்றைத் தொட்டாலே வேகமான மூச்சு. ஊசியைக் கண்டும் அழாத பிள்ளை அவசரமான பிள்ளை. தாய் 'இவன் வழக்கமா இப்பிடி இல்லை' என்றால் அதை ஓர் அறிகுறியாகவே எழுதுங்கள்.

பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண் வயிற்று நோவோடு மயங்கினால், சலச் சோதனை இல்லை என்று சொல்லும்வரை கருப்பைக்கு வெளியே கரு தங்கியதாக எண்ணுங்கள். தோள்முனை நோ இருந்தால் இன்னும் சந்தேகம். ஐந்து மாதம் தாண்டியவரை மல்லாக்கக் கிடத்தாமல் இடப்பக்கம் சரித்துவிடுங்கள். தலையிடியோடு 160/110 என்றால் பிரசவ விடுதிக்கு நடந்து போகச் சொல்லாதீர்கள்.

பஸ் நிறையக் காயப்பட்டவர்கள் வந்தால்

ஏ9 வீதியில் ஒரு பஸ் புரண்டால் வழக்கமான மேசை உடைந்துபோகும். அப்போது ஆளுக்கு அரை நிமிடம்தான். நடக்கக்கூடியவர் பச்சை. மூச்சுவழியைத் திறந்துவிட்டும் மூச்சு வராதவர் கறுப்பு. மூச்சு 30க்கு மேல், மணிக்கட்டில் நாடி இல்லை, சொன்னதைச் செய்யவில்லை, இவற்றில் ஒன்று இருந்தாலும் சிவப்பு. மிச்சம் மஞ்சள். தரம்பிரிப்பவர் சிகிச்சையில் இறங்கிவிடக்கூடாது. மூச்சுவழியைத் திறப்பதும் இரத்தத்தை நிறுத்துவதும் மட்டும்தான் விதிவிலக்கு.

எழுதுவதும் திரும்பப் பார்ப்பதும்

அட்டையில் வந்த நேரம், பார்த்த நேரம், தரம், எண்கள், நோவுக்குப் பத்தில் எத்தனை, என்ன கொடுத்தீர்கள், கையொப்பம். 'நோயாளி நலம்' என்று எழுதினால் அடுத்தவருக்கு ஒன்றும் விளங்காது. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளிலிருந்து இடமாற்றி வருபவரின் கடிதத்தில் உள்ள எண்கள் புறப்பட்ட நேரத்துக்கானவை. நெடுந்தீவிலிருந்து வருபவர் படகிலும் வீதியிலும் வந்து சேர்ந்திருப்பார். வாசலில் எல்லாவற்றையும் புதிதாக எடுங்கள்.

தரம் ஒருக்கால் கொடுத்தால் முடிந்ததில்லை. காத்திருக்கும் மூன்றாம் தரக்காரரை 30 நிமிடத்துக்கு ஒருக்கால், நான்காம் தரத்தை ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் போய்ப் பாருங்கள். மேசையிலிருந்து எட்டிப் பார்ப்பது கணக்கில் வராது. கையைத் தொட்டு, மூச்சை எண்ணி, நேரத்தோடு எழுதுங்கள். கடமை மாறும்போது புதிதாக வருபவரைக் கூட்டிக்கொண்டு பட்டியலோடு வாங்குகளைச் சுற்றி நடவுங்கள். பெயர் கூப்பிட்டு மூன்று தரம் பதில் வராதவரை 'போய்விட்டார்' என்று எழுத முன்னர் வெளியே ஓட்டோ நிற்கும் இடத்தையும் பாருங்கள், கழிப்பறைக் கதவையும் தட்டுங்கள்.